மழலைக்குள் ஓர் இலக்கணம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழிலக்கிய வரலாற்றில் பேசாத குழந்தை ஒன்றின் கதை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரையிலுள்ள திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை வாய் பேசவில்லை என்பது மரபுவழிச் செய்தி. பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று முருகன் சந்நிதியில் வேண்டி நின்றனர். பிள்ளை வாய் திறந்தது. திறந்த வாய் 'கந்தர் கலிவெண்பா'வைப் பாடியது என்பர். பின்னாளில் அவரே 'மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ்' பாடினார். மழலை பேசாத ஒருவர், மழலையைப் பாடும் சிற்றிலக்கிய வகையின் சிகரங்களுள் ஒன்றை எழுப்பினார்.

இக்கதையின் பிற்பகுதியையே தமிழறிஞர் விரும்பிப் பேசுவர். முற்பகுதியில் நின்று பார்ப்பவர் குறைவு. அங்கே ஒரு தாய் இருக்கிறாள். ஐந்தாண்டுக் காலம் பிள்ளையின் வாயையே பார்த்திருந்தவள் அவள். இன்று பேசும், நாளை பேசும் என்று சுற்றத்தார் தேற்றியிருப்பர். அந்தத் தாய் இன்றும் இருக்கிறாள். அடையாற்றின் அடுக்குமாடி வீடுகளிலும் அவள் இருக்கிறாள். ஆற்றின் முகத்துவாரத்தையொட்டிய ஊரூர்க் குப்பத்திலும் இருக்கிறாள். 'ஆண்பிள்ளை மெல்லத்தான் பேசும்', 'இவனுடைய அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்' என்ற ஆறுதல் மொழிகளும் மாறவில்லை. அன்பினால் சொல்லப்படும் சொற்கள்தாம் அவை. ஆயினும் மொழி வேரூன்றும் பருவம் அந்த ஐந்தாண்டுகளே. காத்திருப்பில் கழிவதும் அந்த ஐந்தாண்டுகளே.

பேச்சும் மொழியும் தடைப்பட்ட ஒரு சிறு குழந்தைக்கு எது எட்டாமல் போகிறது? எதை, எவ்வாறு கொடுத்தால் அது எட்டுகிறது? கவிஞர்கள் நிறைந்த அவையில் இவ்வினாக்களை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. விடை, கவிஞரின் தொழிலுக்கு மிக அருகில் இருக்கிறது.

பேச்சு வேறு, மொழி வேறு

முதலில் ஒரு பாகுபாடு. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில் ஒலி பிறக்கும் முறையைக் கூறுகிறார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தாக வெளிப்படுகிறது. இவ்வுறுப்புகளின் இயக்கத்திலோ ஒருங்கிணைப்பிலோ தடை நேர்ந்தால் அது பேச்சுக் குறைபாடு. அண்ணப்பிளவு உடைய குழந்தைக்கு மூக்கொலி மிகும். சில குழந்தைகளுக்கு ரகரம் வராது. சிலர்க்குச் சொல் திக்கும்.

மொழிக் குறைபாடு இதனினும் ஆழத்தில் உள்ளது. காது கேட்கும், நா புரளும், அறிவும் குன்றியிராது. ஆனால் சொற்களைக் கோத்து வாக்கியமாக்கும் வழி பிடிபடாது. 'அம்மா கடைக்குப் போனாங்க' என்று மற்றக் குழந்தைகள் சொல்லும் வயதில் 'அம்மா கடை போ' என்று நிற்கும். வேற்றுமை உருபு உதிர்ந்துவிடும், காலம் உதிர்ந்துவிடும், சொல் மட்டும் எஞ்சும். வேறு வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாதபோது, இதனை வளர்நிலை மொழிக் குறைபாடு என்று இன்றைய அறிஞர் வழங்குகின்றனர். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பகுதியில் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பெற்று 1997-இல் வெளிவந்த ஆய்வு, 100 குழந்தைகளுள் ஏறத்தாழ 7 பேருக்கு இத்தகைய குறைபாடு இருப்பதைக் காட்டியது. ஒரு வகுப்பறையில் முப்பது பேர் இருந்தால் இருவர் என்று கொள்ளலாம். அந்த இருவரும் வகுப்பில் 'மந்தம்' என்றோ 'பிடிவாதம்' என்றோ பெயர் பெற்றுவிடுவதே பெரும்பாலும் நிகழ்கிறது.

செவிப்புலன் குறைந்த குழந்தையின் நிலை மூன்றாவது. அதற்கு மொழியைக் கற்கும் ஆற்றல் முழுமையாக இருக்கலாம். கற்பதற்குரிய ஒலிதான் உள்ளே வருவதில்லை. ஆதலின் பேச்சுத் தாமதித்த எந்தக் குழந்தைக்கும் முதலிற் செய்யத்தக்கது செவிச் சோதனையே.

குழந்தை செய்யும் புணர்ச்சி

மொழியின் வழி பிடிபடுதல் என்றால் என்ன? எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு. பேச்சில் இல்லை. 'அம்மாவந்தாச்சு', 'அம்மாவெங்கே', 'அம்மாபாரு' என்று ஒலி ஆற்றொழுக்காக வருகிறது. சொல் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று தொட்டிற் குழந்தைக்கு யாரும் சொல்வதில்லை. ஆயினும் அது கண்டுபிடித்துவிடுகிறது. 'அம்' என்ற ஒலி கேட்டால் அடுத்துப் பெரும்பாலும் 'மா' வருகிறது. 'மா'வுக்குப் பின்னரோ எது வேண்டுமானாலும் வருகிறது. எனவே 'அம்'மும் 'மா'வும் ஒட்டியவை. 'மா'வுக்குப் பின்னே ஒரு மூட்டு இருக்கிறது. நிலைமொழியும் வருமொழியும் சேரும் விதியை இலக்கண நூலார் புணர்ச்சி என்றனர். குழந்தை அப்புணர்ச்சியைப் பின்னோக்கிச் செய்கிறது. சேர்ந்து வந்ததைப் பிரித்துக் காண்கிறது.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெனி சாஃப்ரன், ரிச்சர்டு ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகிய மூவரும் 8 மாதக் குழந்தைகளிடம் சோதனை ஒன்று நடத்தி 1996-இல் வெளியிட்டனர். பொருளற்ற மூவசைச் சொற்கள் நான்கை, இடையில் நிறுத்தமோ ஏற்ற இறக்கமோ இன்றி, தொடர்ந்து ஒலிக்கச் செய்தனர். குழந்தைகள் கேட்டது 2 நிமிடமே. அந்த இரண்டு நிமிடத்தில் எவ்வசையும் எவ்வசையும் சேர்ந்தே வருகின்றன என்பதைக் குழந்தைகள் பிரித்தறிந்திருந்தனர். ஒரு சொல்லையும் பேசாத வயதில், பொருள் ஏதும் அறியாத நிலையில், ஓசையின் ஒழுங்கைக் காது கணக்கிட்டுவிடுகிறது.

சொல்லின் எல்லை பிடிபட்டபின் சொல்லின் வடிவம் பிடிபடுகிறது. வீட்டுக்கு, கடைக்கு, தாத்தாவுக்கு என்று பலகாற் கேட்ட குழந்தை 'கு' என்பதன் தொழிலை உணர்ந்துகொள்கிறது. ஒருநாள் 'நானுக்கு வேணும்' என்று கேட்கிறது. வீட்டார் சிரிக்கின்றனர். அந்தப் பிழை சிரிப்பிற்குரியதன்று, கொண்டாட்டத்திற்குரியது. எப்பெரியவரும் 'நானுக்கு' என்று சொல்லிக் குழந்தை கேட்டிராது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் குழந்தை 'எனக்கு' என்றுதான் சொல்லும். விதியைக் கண்ட குழந்தைதான் 'நானுக்கு' என்று பிழை செய்யும். 1958-இல் ஜீன் பெர்க்கோ என்னும் அம்மையார் உலகில் இல்லாத ஒரு பறவையை வரைந்து, இல்லாத ஒரு பெயரைச் சூட்டி, அதன் பன்மையைச் சிறுவர்களிடம் கேட்டார். கேட்டறியாத சொல்லுக்கும் சிறுவர்கள் பன்மை சொன்னார்கள். தமிழிலும் இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு பொம்மைக்கு 'டுப்பி' என்று பெயர் வைத்து, 'பழத்தை யாருக்குக் கொடுக்கலாம்?' என்று கேட்டால், மூன்று நான்கு வயதுப் பிள்ளை தயங்காமல் 'டுப்பிக்கு' என்று கூறக்கூடும். மழலைக்குள் ஓர் இலக்கணம் இயங்குகிறது. அதை எழுதிக்கொடுத்தவர் யாருமில்லை.

இரு மடங்கு கேட்டல்

மொழிக் குறைபாடுள்ள குழந்தையிடம் இந்த ஒழுங்கறியும் ஆற்றல் என்ன ஆகிறது? ஜூலியா எவன்ஸ், ஜெனி சாஃப்ரன் உள்ளிட்ட மூவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினையத்தக்கது. முன்சொன்னது போன்ற ஒலித்தொடரைக் குழந்தைகள் 21 நிமிடம் கேட்டனர். குறைபாடு இல்லாத குழந்தைகள் அத்தொடரிலிருந்து சொற்களைப் பிரித்தறிந்தனர். குறைபாடுள்ள குழந்தைகளின் விடைகளோ குருட்டாம்போக்கில் சொன்னவைபோல் இருந்தன. ஆய்வு இத்தோடு நின்றிருந்தால் செய்தி துயரமானது. நிற்கவில்லை. குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதே தொடரை 42 நிமிடம் கேட்பித்தனர். அப்போது அவர்களும் சொற்களைப் பிரித்தறிந்தனர்.

இருபத்தொன்றில் மூடியிருந்த கதவு நாற்பத்திரண்டில் திறந்தது. இந்த எண்களைப் பெற்றோர் தம் வீட்டுச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். 'இக்குழந்தைக்கு வராது' என்பதும் 'இக்குழந்தைக்கு இன்னும் கேட்க வேண்டும்' என்பதும் வெவ்வேறு தீர்ப்புகள். முன்னது வாயிலை அடைக்கிறது. பின்னது வேலையைத் தொடங்குகிறது. ஒழுங்கறிதல் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று அறிஞர் சொல்லவில்லை. நினைவாற்றல், ஒலியைப் பகுத்துக் கேட்டல், பரம்பரை எனக் காரணங்கள் பல பின்னிக்கிடக்கின்றன. அதே ஆய்விலும் சொல்லொலிக்குப் பதிலாக இசைச் சுரங்களை 42 நிமிடம் கேட்பித்தபோது அக்குழந்தைகள் தேறவில்லை. ஆயினும் சொல்லொலியைப் பொறுத்தவரை, மிகுதியாகக் கேட்டல் பயனளிக்கிறது என்பது உறுதியாயிற்று.

அடையாற்றில் நிகழ்த்தப்படும் உரையில் பரதக்கலை நினைவுக்கு வாராமற் போகாது. 1936-இல் அடையாற்றில் தோன்றிப் பின்னர்த் திருவான்மியூருக்குக் குடிபெயர்ந்த கலாக்ஷேத்திரத்தில் அடவு பயிலும் மாணவியரைக் கண்டவர்க்கு இது புரியும். ஓர் அடவை முதலில் விளம்பமாகவும் பின்னர் அதனினும் இரு மடங்கு, நான்கு மடங்கு விரைவிலும் ஆடிப் பழகுகின்றனர். ஒரு மாணவிக்குப் பத்து நாளில் கால் பழகும். இன்னொருத்திக்கு இருபது நாள் ஆகும். இருபது நாள் ஆகிறவளை ஆசிரியர் வெளியே அனுப்பிவிடுவதில்லை. விளம்ப காலத்தில் அவளை இன்னும் சிறிது நிறுத்துவார்.

தாளத்திற்கும் மொழிக்கும் உள்ள உறவு உவமையளவில் நிற்பதன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உஷா கோஸ்வாமியும் அவர்தம் குழுவினரும், மொழிக் குறைபாடுள்ள குழந்தைகள் பலருக்கு ஓர் ஓசை எவ்வளவு விரைவாக எழும்புகிறது என்பதைப் பிரித்துணர்வது கடினமாயிருப்பதையும், தாளத்திற்கேற்பத் தட்டுவதில் அவர்கள் தடுமாறுவதையும் கண்டுள்ளனர். அசை எழும்பும் இடம் தெரியாவிட்டால் சொல்லின் தலையும் தெரியாது. நேரசை, நிரையசை என்று ஓசையை அளந்து வகுத்த மொழிக்கு இச்செய்தி அந்நியமானதன்று.

அடையாற்றில் இரு முயற்சிகள்

இவ்வகைக் கல்விக்கு அடையாறு புதிதன்று. 1939-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ 300 ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, பகைநாட்டவர் என்ற முறையில் அவர் கட்டுக்காவலுக்கு உள்ளானார். போர் முடிந்து 1946-இல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்.

மாண்டிசோரி முறையைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் மழலைப் பள்ளியோடு சேர்த்து நினைப்பது இன்றைய வழக்கம். அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. ரோம் நகரில் மனவளர்ச்சி குன்றியவர் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடமே அவ்வம்மையார் தம் பணியைத் தொடங்கினார். அவருக்கு வழிகாட்டியவர்கள் பிரெஞ்சு நாட்டு மருத்துவர்கள் இருவர். ஒருவர் இட்டார், 1800-இல் காட்டிலிருந்து பிடிபட்ட பேச்சறியாச் சிறுவனுக்கு மொழி கற்பிக்க முயன்றவர். மற்றவர் அவர் வழிவந்த செகுவன். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லச் செய்வது மாண்டிசோரி முறை. கண்ணும் விரலும் காதும் ஒரே ஒழுங்கை ஒருங்கே பெறுகின்றன. மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லிப் பழகிய திண்ணைப் பள்ளித் தமிழர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. குறையுடைய குழந்தைக்கென வகுத்த முறை எல்லாக் குழந்தைக்கும் நல்ல முறையாயிற்று என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

இரண்டாவது முயற்சி அடையாறு சாஸ்திரி நகரில் நடைபெறுகிறது. 1969-இல் தோன்றிய பால வித்யாலயா, செவிப்புலன் குறைந்த இளங்குழந்தைகளுக்கான பள்ளி. பள்ளிப் பருவம் வரட்டும் என்று காத்திராமல், ஐந்து வயதுக்கு உட்பட்டவரை, கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே, அது ஏற்கிறது. காதொலிக் கருவியோ காக்ளியர் கருவியோ பொருத்தப்பெற்ற குழந்தை அங்கு வருகிறது. உடன் தாயும் வருகிறாள். கருவி ஒலியைத் தரும், மொழியைத் தராது. ஒலியிலிருந்து மொழியை எடுக்கும் பயிற்சியைத் தாயும் ஆசிரியையும் சேர்ந்து தருகின்றனர். குழந்தையைப் பிற குழந்தைகளோடு பொதுப் பள்ளியில் சேர்ப்பதே நோக்கம்.

இப்பள்ளி வகுத்துக்கொண்ட பயிற்று முறையின் பெயர் 'த்வனி'. கேட்டல், குரல், இயல்பான ஒருங்கிணைப்பு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர் அது. கவிஞர்க்கு அப்பெயர் வேறொன்றையும் நினைவூட்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் காசுமீரத்து ஆனந்தவர்த்தனர் கவிதையின் உயிரைத் த்வனி என்றார். சொல்லின் நேர்ப்பொருளைக் கடந்து ஒலிக்கும் பொருள் அது. தமிழ் மரபில் உள்ளுறையும் இறைச்சியும் அதற்கு அண்மையில் நிற்பவை. காது கேளாத குழந்தைக்கு ஓர் ஒலியைக் கேட்பித்தலும், கேட்கும் காதுடையவர்க்குச் சொல்லாத பொருளைக் கேட்பித்தலும் ஒரே பெயரால் வழங்குவது பொருத்தமே.

செவிப்புலன் குறைந்தோர் அனைவரும் வாய்மொழி வழியே வரவேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. கைகளால் பேசப்படும் சைகை மொழியும் தனக்கெனச் சொல்லும் இலக்கணமும் உடைய முழுமையான மொழியே. எம்மொழியாயினும் அதன் ஒழுங்கு குழந்தையைச் சென்றடையும் காலம் முக்கியம். தமிழ்நாட்டு அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கான காக்ளியர் அறுவையும் சேர்க்கப்பட்டதால், முன்னர்ச் செல்வர்க்கே எட்டியது எளியவர்க்கும் எட்டுவதாயிற்று. இனி வேண்டுவது, அறுவைக்குப் பின்னுள்ள ஆண்டுகளில் அக்குழந்தை கேட்பதற்குரிய மொழி.

சட்டகம் ஒன்று, சொற்கள் பல

மிகுதியாகக் கேட்டல் என்றால், ஒரே வாக்கியத்தை நூறு முறை சொல்லி அலுப்பூட்டுவதா? அன்று. இங்கேதான் கவிஞரின் கலை உள்ளே வருகிறது.

ரெபெக்கா கோமெஸ் என்னும் ஆய்வாளர் 2002-இல் ஒரு நுட்பத்தை வெளியிட்டார். முதற்சொல்லும் கடைச்சொல்லும் இணைபிரியாது வர, இடைச்சொல் மட்டும் மாறும் செயற்கைத் தொடர்களை 18 மாதக் குழந்தைகளுக்குக் கேட்பித்தார். இடையில் மாறும் சொற்கள் 3 அல்லது 12 ஆக இருந்தபோது குழந்தைகள் முதலுக்கும் கடைக்கும் உள்ள உறவைக் காணவில்லை. 24 ஆனபோது கண்டுகொண்டனர். இடையிலுள்ளது ஓயாமல் மாறியதால் மாறாத இரு முனைகளும் எடுப்பாகத் தெரிந்தன. இதே கருத்தை எலெனா பிளாண்டேயும் குழுவினரும் மொழிக் குறைபாடுள்ள சிறுவர்களின் பயிற்சியில் கையாண்டு 2014-இல் வெளியிட்டனர். ஓர் இலக்கண வடிவத்தை ஒரு குழுவினர் 12 வினைச்சொற்களில் இருமுறை வீதம் கேட்டனர். மற்றக் குழுவினர் 24 வினைகளில் ஒருமுறை வீதம் கேட்டனர். கேட்ட மொத்த எண்ணிக்கை இருசாரார்க்கும் ஒன்றே. 24 வினைகளில் கேட்டவர்களே அவ்வடிவத்தைக் கைக்கொள்வதில் முன்னேறினர்.

இதன் சாரத்தை ஒரு தொடரில் அடக்கலாம்: சட்டகம் ஒன்று, சொற்கள் பல. தமிழ்க் கவிஞர் இதனை வேறு பெயரால் அறிவர். எதுகையில் இரண்டாம் எழுத்து நிற்க முதலெழுத்து மாறுகிறது. மோனையில் முதலெழுத்து நிற்க மற்றவை மாறுகின்றன. அந்தாதியில் முடிவு நிலைத்து அடுத்ததன் தொடக்கமாகிறது. நாட்டுப்புறத் தாலாட்டில் ஓரடி அப்படியே திரும்பிவர, மாமன் பெயரும் அத்தை பெயரும் மட்டும் மாறி மாறி நிரம்புகின்றன. மாறாததை மாறுவதன் நடுவே வைத்துக் காட்டும் கலையே யாப்பு. தொட்டிலாட்டிய பாட்டிமார் சோதனைச்சாலையைக் கண்டவரல்லர். ஆயினும் சோதனைச்சாலை இன்று கண்டதைப் போன்றதொன்றை நாள்தோறும் செய்து வந்தனர்.

பிள்ளைத்தமிழின் பருவங்களையும் இக்கண்கொண்டு நோக்கலாம். செங்கீரையாடல், தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனப் பருவந்தோறும் குழந்தையின் உடற்செயல் ஒன்று பாட்டோடு இணைகிறது. பாட்டுத்தோறும் ஈற்றடி ஒரே சொல்லில் வந்து முடிகிறது. கைகொட்டும் அழைப்பு பத்துப் பாடல்களிலும் திரும்பித் திரும்பி ஒலிக்கிறது. அதற்கு முன்னுள்ள காட்சிகள் மட்டும் மாறுகின்றன. பேசாத குழந்தையாயிருந்தார் எனப்படும் ஒருவர் அவ்வடிவத்தில் தேர்ந்தது வியப்பிற்குரியது.

இக்காலக் கவிஞர் செய்யக்கூடியது என்ன? எளிய சான்று ஒன்று போதும்:

பூனை எங்கே? திண்ணையிலே.
காகம் எங்கே? கிளையிலே.
மாமா எங்கே? மாடியிலே.
தட்டு எங்கே? தரையிலே.

இதில் கவிதை உயரமில்லை. ஆனால் 'எங்கே' நிற்கிறது, 'இலே' நிற்கிறது, மற்றவை மாறுகின்றன. உருபு அடியின் இறுதியில், ஓசை தங்கும் இடத்தில் வருகிறது. மூன்றாம் நாளில் தாய் 'மாமா எங்கே? மாடி...' என்று நிறுத்திக் காத்திருக்கலாம். அந்த இடைவெளியே குழந்தையின் இடம். ஐந்து நொடி, பத்து நொடி அது வெறுமையாகவே இருக்கலாம். காத்திருக்கத் தெரிந்தவரிடத்தில் ஒருநாள் அங்கே 'லே' என்று ஒரு மழலை வந்து விழும்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922-1989) தம் வாழ்நாளையே இத்துறைக்கு அளித்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் குழந்தைகளுக்காகப் பாடினார். அவர்கள் பாடல்கள் பேச்சு வந்த குழந்தைகளை மகிழ்வித்தன. பேச்சு வருவதற்குப் போராடும் குழந்தைக்கெனப் பாடல் வேண்டும். ஒரு பாடலில் ஓர் உருபு, அடி குறுகியது, சொல் வீட்டுச்சொல், தாளம் கைதட்டக்கூடியது, இறுதியில் குழந்தைக்கென விட்ட ஓர் இடைவெளி. இவ்வளவே யாப்பு. நான்காம் வேற்றுமைக்குப் பத்துப் பாடல், இறந்தகாலத்துக்குப் பத்துப் பாடல் என்று தொகுக்கப்பெற்றால், பேச்சுப் பயிற்சி தரும் ஆசிரியைகள் இருகையேந்தி வாங்கிக்கொள்வர்.

வீட்டு மொழி

இறுதியாக ஒன்று. அதில் மனக்கசப்பும் உண்டு. குழந்தைக்குப் பேச்சுத் தாமதிக்கிறது என்று தெரிந்தவுடன் நகர்ப்புறப் பெற்றோர் பலர்க்குக் கிடைக்கும் அறிவுரை, 'வீட்டில் ஒரே மொழி பேசுங்கள்' என்பது. அந்த ஒரே மொழி பெரும்பாலும் ஆங்கிலம் என்று முடிவாகிறது. பள்ளி ஆங்கிலப் பள்ளி அல்லவா? அன்று மாலையே வீட்டில் தமிழ் நிறுத்தப்படுகிறது. தாய், தனக்குச் சரளமில்லாத மொழியில், எண்ணி எண்ணிச் சில தொடர்களைச் சொல்கிறாள். பாட்டி வாய் மூடிக்கொள்கிறாள். கதையும் தாலாட்டும் சண்டையும் கொஞ்சலும் நின்றுபோகின்றன. இரு மடங்கு கேட்க வேண்டிய குழந்தைக்குப் பாதியாகிறது.

இவ்வறிவுரைக்கு ஆய்வின் ஆதரவு இல்லை. கனடாவில் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒருங்கே கற்கும் மொழிக் குறைபாடுள்ள குழந்தைகளை, ஒரு மொழியே கற்கும் அத்தகைய குழந்தைகளோடு ஜொஹான் பாரடிஸ் முதலானோர் ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்டனர். ஒப்பிட்ட இலக்கணக் கூறுகளில் இருமொழிக் குழந்தைகள் பின்தங்கியிருக்கவில்லை. இரண்டு மொழி குறைபாட்டை உண்டாக்குவதுமில்லை, பெருக்குவதுமில்லை. தாய் தன்னை மறந்து பேசும் மொழியே குழந்தைக்கு மிகுதியாகவும் வளமாகவும் வாய்க்கும் மொழி. அடையாற்று வீட்டில் அது தமிழாயிருக்கலாம், தெலுங்காயிருக்கலாம், உருதுவாயிருக்கலாம். அம்மொழியைப் பிடுங்கிவிட்டுப் பேச்சை வளர்ப்பது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவதாகும்.

எனவே பெற்றோர் நினைவிற் கொள்ளத்தக்கவை சில. இரண்டு வயது நிறைந்தும் 50 சொல் அளவுக்குச் சொல்வளம் இல்லையென்றாலோ, 'பால் வேணும்' என்பது போல இரு சொற்களை இணைக்கவில்லையென்றாலோ, சோதித்தறிவதில் நாணமோ தயக்கமோ வேண்டா. பேசிய சொல்லைக் குழந்தை மறந்துவிட்டதாகத் தோன்றினால் எவ்வயதாயினும் உடனே காட்ட வேண்டும். தாமதித்தவருள் சிலர் தாமாகவே சேர்ந்துவிடுவர் என்பது உண்மை. யார் சேர்வார், யார் சேரார் என்பதைக் காத்திருந்து அறிவதற்குள் காலம் போய்விடும். சேர்ந்துவிடும் குழந்தைக்குப் பாட்டும் கதையும் மிகுதியாகக் கிடைத்ததால் யாதொரு கேடும் இல்லை.

திருச்செந்தூர்ச் சந்நிதியில் அன்று என்ன நிகழ்ந்ததென்பது நம்பிக்கைக்குரிய செய்தி. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளைப் பற்றி ஏடுகள் ஏதும் பேசவில்லை. அவர் பிறந்தது கவிராயர் குடும்பம் என்பது மட்டும் தெரிகிறது. அவ்வீட்டில் நாள்தோறும் பாட்டு ஒலித்திருக்கும். பேசாத பிள்ளை என்று எண்ணி யாரும் பாட்டை நிறுத்தியிருக்க மாட்டார்கள். பிள்ளை பேசவில்லையே தவிர, கேட்டுக்கொண்டிருந்தது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள், அடுத்த பத்தாண்டில் எழுதப்போகும் பாடல்களுள் சிலவற்றை, இன்னும் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அக்குழந்தைகளுக்காக ஒதுக்குவார்களாக. அப்பாடல்களின் கடைசிச் சொல்லை அவர்கள் எழுதாமல் விட்டுவைக்கட்டும். அதனை நிரப்புவதற்கு ஒரு குழந்தை எங்கோ முயன்றுகொண்டிருக்கிறது.